அம்சவேணியும் நூறு சதவீதச் சீருடையும்

மலை மேல் சில ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டில் அம்சவேணியிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அந்தப் பக்கமே வராதவராக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. வயது முப்பத்து நான்கு. புருஷன் கருப்பண்ணன் வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். அடுப்படியில் குந்தியபடியே வருகிறவர் போகிறவரை எடை போடுவாள், யாரைப் போட்டாலும் எடை குறைவாகத்தான் வரும். மிளகு வியாபாரி திருடன், பஸ் கண்டக்டர் கிறுக்கன், ஓட்டு கேட்டு வருகிறவன் ரெண்டும் கலந்தவன். இத்தனை பேரை ஏசினாலும், ஒருநாள் விடாமல் அவள் வாயில் விழுந்தவர் தலைமையாசிரியர் காளியண்ணன் ஒருவர்தான்.

வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. வெறுப்பதற்கும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்க வேண்டும். அவள் அவரைத் துச்சமாக நினைத்தாள்.

நினைக்கும்படியாகத்தான் அவரும் இருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் மலை ஏறுவார், வெள்ளிக்கிழமை காலை இறங்கிவிடுவார். நடுவில் இருக்கிற நாட்களில் பாதி, கீழே மாற்றல் கேட்டு மனு எழுதுவதில் போகும். ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கிற டம்ளரைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். மலைப் பிள்ளைகளின் கை பட்டுவிடக் கூடாதாம். அந்தப் பீரோவுக்கு மேலேயே 'சமத்துவம்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியும் வைத்திருந்தார்.

சமத்துவம் என்றால் அவருக்குச் சீருடை. காலை வழிபாட்டில் கொடி ஏறுகிறதோ இல்லையோ, சீருடைப் பேச்சு உண்டு. "ஒரே உடை உடுத்தினால் ஏழை பணக்காரன் என்ற பேதம் தெரியாது" என்பார். அந்தப் பள்ளியில் எண்பத்து நான்கு பிள்ளைகள். காபித் தோட்டத்து மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தவிர அத்தனை பேர் வீட்டிலும் ராத்திரிக்கு ஒரே களி, ஒரே கீரை. இதில் எந்தப் பேதத்தை எதைப் போட்டு மூடுவது? அங்கே மற்றவரிடமிருந்து வேறாக இருந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சீருடை கிடையாது.

போதாக்குறைக்கு அந்த வெள்ளைச் சட்டை. செம்மண் மலையில் ஓடை தாண்டி, சேறு மிதித்து ஒன்றரை மணி நேரம் நடந்து வருகிற பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போடச் சொன்ன புத்திசாலி யார் என்று அம்சவேணிக்குக் கடைசி வரை தெரியவில்லை. முதல் தண்ணீரிலேயே பாவாடையின் நீலம் இறங்கிச் சட்டையில் ஏறிவிடும். மேஸ்திரி பிள்ளைகளின் சட்டை மட்டும் கடையில் எடுத்த டெரிகாட்டன், பளபளவென்று இருக்கும். பேதத்தை மறைக்க வந்த சட்டையைப் பார்த்தே எந்த வீட்டில் சோப்பு இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

கிழியாத உடுப்பு அது ஒன்றுதான் என்பதால் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கும் போனார்கள், செம்மேட்டுச் சந்தைக்கும் போனார்கள். சந்தையில் பார்த்துவிட்டால் காளியண்ணன் அங்கேயே நிறுத்தித் திட்டுவார். "இது பள்ளிக்கூடத்துத் துணி, ஊர் மேயறதுக்கு இல்ல" என்பார். மறுநாள் அதே பிள்ளை வேறு துணியில் வந்தால் அதற்கும் பிரம்பு.

"குடுத்த துணியவும் அவரே போட்டுக்கிட்டா தேவலை. புள்ளைங்க நிம்மதியா இருக்கும்" என்பாள் அம்சவேணி, சாம்பாரைத் துழாவியபடி.

இத்தனை இளக்காரத்துக்கு நடுவிலும் அவள் அந்தப் பள்ளியில் ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்தாள். அது மூத்த மகள் ராதிகாவின் படிப்பு. பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு, தாயைவிட ஒரு பிடி உயரம். எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் வாசிப்பாள். எட்டு முடித்துவிட்டால் செம்மேட்டில் ஒன்பதாவது, அங்கேயே விடுதியில் இடம். முடிக்காவிட்டால் என்ன என்பதும் தெளிவாகத் தெரிந்ததுதான். குண்டனி நாட்டில் இருக்கிற அம்சவேணியின் அண்ணன் மாதேஸ்வரன் தன் மகனுக்கு ராதிகாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். முறைப் பெண், கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அவளும் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தாள்.

"ஒம்பதாவதுக்குச் செம்மேடு போயிட்டாள்னா நான் வாயே தொறக்க மாட்டேன் அம்சா. எட்டோட நின்னுட்டா, பேச்சில்லாம எம் பையனுக்கு" என்று அவன் சொல்லியிருந்தான்.

அந்த எட்டாவது வருஷம்தான், தொண்ணூற்றொன்பது தை மாசத்தில், கீழேயிருந்து சீருடைக்கு அளவு எடுக்க ஆள் வந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கொடுக்க வேண்டிய துணி. அதற்கு அளவே தை மாசத்தில்தான் எடுத்தார்கள் என்றால் அந்த வேலையின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

தை என்றால் மலையில் மிளகு பறிப்பு. ஏணி போட்டு மரத்தில் ஏற, எடை குறைந்த, கை நீண்ட பிள்ளைகள் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் மிளகுத் தோட்டத்தில் இருந்தார்கள். ராதிகாவும் அதில் ஒருத்தி. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் குறையவில்லை. காரணம், அந்த ஐந்து வீட்டிலிருந்தும் ஒரு தம்பியோ தங்கையோ வந்து அவர்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. மலையில் ஊர் வேலை என்றால் வீட்டுக்கு ஒரு ஆள். பாதை செதுக்கவோ கோயிலுக்குப் பந்தல் போடவோ அப்பன் வர முடியாவிட்டால் மகன் வருவான், மகனும் இல்லாவிட்டால் மருமகள் வருவாள். யார் வந்தது என்று ஊர்க்கவுண்டர் கேட்க மாட்டார், அந்த வீட்டு ஆள் வந்ததா என்றுதான் கேட்பார். பள்ளிக்கூடமும் ஊர் வேலைதானே என்று அவர்கள் நினைத்தார்கள். வீட்டுக்கு ஒரு தலை போய் உட்கார்ந்தால் கடமை தீர்ந்தது. காளியண்ணனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பதிவேடு நிறைந்தால் அவருக்குப் போதும்.

ராதிகாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தது சின்னவள் கண்ணாயி. ஐந்து வயது, முன்பல் இரண்டு இல்லை, பள்ளியில் இன்னும் பேர் சேர்க்கவே இல்லை. அளவு எடுக்க வந்தவர் சேந்தமங்கலத்துத் தையல்காரர் அமீர் ஹம்சா. கழுத்தில் டேப், கையில் நோட்டு.

"எட்டாம் வகுப்பு, ராதிகா" என்று கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா" என்று எழுந்தது கண்ணாயி.

அமீர் ஹம்சா நோட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "சார், இது எட்டாவதுங்களா?"

காளியண்ணன் மனுவிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மலைப் புள்ளைங்க பாய். வளர்த்தி அவ்வளவுதான். அளந்துக்கங்க."

அவர் பாவம், தொழில் தெரிந்த மனுஷர். மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, மண்டியிட்டு, கண்ணாயியின் இடுப்பையும் தோளையும் ஒழுங்காக அளந்து எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் அடுப்படியில் இருந்த அம்சவேணியின் காதில் விழுந்தது. அவள் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சிரித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்தப் பள்ளியில் சமைக்கிறாள். சர்க்கார் கொடுத்த சட்டை ஒரு பிள்ளைக்காவது அளவாக இருந்து அவள் பார்த்ததில்லை. அதனால் அளவெடுப்பது என்பது கொடியேற்றுவது போல ஒரு சடங்கு என்று முடிவு கட்டியிருந்தாள். அந்த டேப்புக்கும் உடம்புக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் மூட்டை வந்தது. பள்ளியை மூட இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. அந்தத் தடவை பார்த்து, அமீர் ஹம்சா தைத்த ஒவ்வொரு சட்டையும் அளந்த உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. ராதிகாவின் பேர் எழுதிய பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு முழப் பாவாடை. அவள் அதை இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, வகுப்பே சிரிக்க, மடித்துத் திரும்ப வைத்தாள். மற்ற நாலு பேருக்கும் அதே கதி. பையன் ஒருவன் கால்சட்டைக்குள் முழங்கையைத்தான் நுழைக்க முடிந்தது.

காளியண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். 'அனைவருக்கும் சீருடை வழங்கப்பட்டது, அளவு சரி, நூறு சதவீதம்' என்று மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே காளியண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவசரக் குடுக்கை. ஐந்து பிள்ளைகளுக்குத் துணி அளவாக இல்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் ஏன் அளவாக இல்லை என்று கேள்வி வரும், பதிவேடு வெளியே வரும், மாற்றல் போச்சு.

அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். ஆறு வருஷத்தில் மலைக்காரரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வியாழக்கிழமை அந்த ஐந்து சின்னதுகளும் புதுச் சீருடையில் வந்து எட்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். பெரியவர்கள் ஐந்து பேரும் ஜீப் போகிற வரை விறகு அறையில் இருக்க வேண்டும்.

"சீருடை இல்லாத ஒரு தலைகூட அவர் கண்ணுல படக் கூடாது. புரிஞ்சுதா ஆயா?" என்றார் அம்சவேணியிடம்.

"புரியுதுங்க சார். துணிக்குத் தகுந்த மாதிரி ஆளை வெட்டிக்கிறீங்க" என்றாள் அவள். அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

சொன்னாளே தவிர, மறுக்கவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சை, அப்புறம் செம்மேடு. வியாழக்கிழமை காலையில் ராதிகா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மற்ற நாலு பேரோடு விறகு அறைக்குள் போனாள். மங்கிப்போன மஞ்சள் பாவாடைதான் உடுத்தியிருந்தாள். அம்சவேணி வெளியே தாழ் போட்டாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டி, வந்ததும் வராததுமாக அடுப்படிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வாய் கொப்புளிக்கத் தண்ணீர் ஊற்றியது அம்சவேணிதான். முகம் துடைத்துக்கொண்டு நேரே எட்டாம் வகுப்புக்குப் போனார். அடுப்படிக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. இங்கே பருப்பு கொதிப்பது அங்கே கேட்கும், அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

நாலு பெரிய பிள்ளைகள், ஐந்து சின்னஞ்சிறிசுகள், எல்லாம் மொடமொடவென்று வெள்ளையும் நீலமும் வெள்ளையும் காக்கியுமாக.

"இதுங்களுமா எட்டாவது?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். சத்து பத்தாதுங்க. மலையில வளர்த்தி அவ்வளவுதான்."

படித்த மனுஷர், பிள்ளை குட்டி பெற்றவர், ஐந்து வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிய வேண்டாம் என்று நினைத்தாரோ, மலைக்காரர் எப்படியும் இருப்பார்கள் என்று நினைத்தாரோ, தலையை ஆட்டிக்கொண்டார். "யூனிபார்ம் நல்லா இருக்கு" என்றார். பிறகு கண்ணாயியின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, "எங்கே, இந்தப் பக்கத்தைப் படி" என்றார்.

கண்ணாயி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது.

காளியண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுங்களுக்கு மண்டையில ஏறாதுங்க சார். ராதிகான்னு இந்தப் புள்ளை, எட்டு வருசமா இதே கதைதான். துணி குடுத்தா போட்டுக்குவாங்க. அவ்வளவுதான் முடியும்."

அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பு வரை அம்சவேணி பொறுத்தாள். எட்டு வருஷமாக வகுப்பில் முதலாவதாக வாசிக்கிற மகள் அந்தப் பக்கம் விறகுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, அவள் பேரைச் சொல்லியே இவர்கள் சிரிக்கிறார்கள். கரண்டியைப் போட்டாள். போய்த் தாழை எடுத்து, ராதிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வகுப்பின் நடுவில் நிறுத்தினாள்.

"ஏனுங்க ஐயா, இவதானுங்க ராதிகா. அது இவ தங்கச்சி, இன்னும் பால்பல்லே உழுந்து முடியல. படிக்கச் சொல்லுங்க இவளை."

"ஆயா, வெளியே போ!" என்றார் காளியண்ணன்.

"நீங்க கம்முனு இருங்க சார். படி கண்ணு."

ராதிகா தாயைப் பார்த்தாள், வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அம்சவேணி அதைக் கவனிக்கவில்லை. கண்ணாயியின் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தாள். ராதிகா வாசித்தாள். மரத்தூள் ஒட்டிய மஞ்சள் பாவாடையோடு நின்று, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தாள். அம்சவேணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் வாழ்நாளில் அதைப் போல ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நல்லா படிக்கிறியே" என்றார் அதிகாரி. பிறகு அம்சவேணியின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "அப்போ துணி ஏன் அந்தச் சின்னப் பிள்ளை அளவுல இருக்கு?"

"அளவெடுத்தப்ப இவ இல்லீங்க. மிளகு பறிக்கப் போயிருந்தா. சின்னவதான் உக்காந்திருந்தா. நம்ம சாரு, வளர்த்தி அவ்வளவுதான்னு அளக்கச் சொல்லிட்டாரு."

"எத்தனை நாள் அப்படி?"

காளியண்ணனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த வெளுப்பைப் பார்த்ததில் அம்சவேணிக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. "பறிப்பு முழுக்கவுந்தானுங்க. அஞ்சு வாரம். இவ மட்டுமா, அஞ்சு ஊட்டுப் புள்ளைங்களும் அப்படித்தான். சாருக்குத் தெரியுமுங்க. அவருதான் எல்லாத்துக்கும் வருகை போட்டாரு, கேட்டுப் பாருங்க" என்று கையை நீட்டிச் சொன்னாள்.

அதிகாரி காளியண்ணனிடம் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு மையில், ஐந்து பேருக்கும் அந்த ஐந்து வாரத்தையும் ஒவ்வொரு கட்டமாக அடித்தார். பிறகு மழை மாசத்தில் அவர்கள் வராத நாட்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார். ஐந்து பேருக்குமே வருகை நாள் போதவில்லை, பரீட்சை எழுத முடியாது, மறுபடியும் எட்டாம் வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்றார்.

அம்சவேணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், "ஐயா, இப்பத்தானே நல்லா படிக்கிறான்னு சொன்னீங்க" என்றாள்.

"படிக்கிறா. விதின்னு ஒண்ணு இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். சீருடையைப் பற்றி என்ன எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஐந்து பேரும் இனி இந்த வருஷத்து எட்டாம் வகுப்புக் கணக்கில் இல்லை. மிச்சம் இருந்த நாலு பேருக்கும் சட்டை சரியாகவே இருந்தது. ஆகவே நூறு சதவீதம்.

காளியண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது. மலையிலிருந்து தூக்கி, அவருடைய சொந்த ஊருக்கு இரண்டு ஸ்டாப் தள்ளியிருந்த பள்ளிக்கு அவரைப் போட்டார்கள். பீரோவைத் திறந்து டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஏறுகையில் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தவர்கள், அவர் ஏதோ பரிசு வாங்கிப் போவதாகவே நினைத்தார்கள்.

அம்சவேணிக்கு வேலை போகவில்லை. ஆனால் மற்ற நாலு வீட்டுப் பெண்களும் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். ஓடையில் அவள் குடத்தை வைத்தால் அவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஊரையே இளக்காரமாகப் பார்த்த அவளை இப்போது ஊர் அப்படிப் பார்த்தது.

மே மாதம் மாதேஸ்வரன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"எட்டோட நின்னுட்டா இல்ல அம்சா? வாக்கு வாக்குதான்" என்றான்.

அம்சவேணி அவனை ஏச வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதம்மா" என்றாள் ராதிகா. மாமன் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் நிக்கல. மறுபடியும் எட்டாவது போறேன். அடுத்த வருசம் செம்மேடு. அன்னைக்கும் நான் தேறலைன்னா தட்டை எடுத்துக்கிட்டு வாங்க, நானே வாங்கிக்கிறேன்."

மாதேஸ்வரன் தங்கச்சியைப் பார்த்தான், கருப்பண்ணனைப் பார்த்தான். அந்த வீட்டில் இப்படி அமைதியாக ஒருத்தர் பேசி அவன் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் அம்சவேணி மகளிடம் வந்தாள். "அன்னைக்கு அந்த வாத்தியான் உன்னைய மண்டுன்னு சொல்றான் சாமி. கேட்டுக்கிட்டு எப்படி இருக்கச் சொல்ற? உனக்காவத்தானே போய்க் கேட்டேன்."

"எனக்காவ இல்லம்மா. அவரை செயிக்கணும்னு கேட்ட" என்றாள் ராதிகா. "விறகு ரூம்புல ஒரு மணி நேரம் நின்னுருப்பேன். நீ என்னைய ஒரு வருசம் நிக்க வெச்சிட்ட."

ராதிகா கூடையை எடுத்துக்கொண்டு மரவள்ளிக்காட்டுப் பக்கம் போனாள், அம்சவேணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.